பரலோக மந்திரத்துக்குள் கண்டுபிடிக்கும் கமரா

1

இந்த வருடம் பெரிய வெள்ளிக்கிழமை காலையில் அக்கா எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். மன்னாரில் எங்கள் தாழ்வுபாட்டு வீட்டின் முன்னறை. ரீவிக்கு மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்ன மேசை, அதில் கமராப் பதிவுப் பெட்டி. பெட்டியின் பச்சை விளக்கு எரிகிறது. படத்துக்குக் கீழே அக்கா எழுதியிருந்தது இரண்டே சொல்: "எரியுது, பார்."

இங்கே நோர்வேயின் பேர்கனில் மழை. இந்த ஊரில் மழை பெய்கிறது என்று எழுதுவது தாழ்வுபாட்டில் மீன் மணக்கிறது என்று எழுதுவதைப் போலத்தான், செய்தியே இல்லை. யன்னலோரம் நின்று அந்தப் பச்சை விளக்கைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. போன வருடம் இதே நாளில் அந்த வீட்டில் விளக்கு அணைந்திருந்தது. அணைத்தது கள்ளன் அல்ல, என் அக்கா.

ஊரில் இப்போது வீட்டுக்கு வீடு கமரா பூட்டுகிறார்கள். எதை வாங்கலாம் என்று கேட்டு இங்கிருந்தும் அங்கிருந்தும் நாலு பேர் எனக்குப் போன் எடுத்துவிட்டார்கள். ஆளுக்காள் சொல்லித் தொண்டை வரண்டதால் எழுதியே விடுகிறேன். கடைக்காரர் சொல்லாத சில விடயங்கள் இதில் உண்டு.

2

என் அக்கா திரேசாவுக்கு அறுபத்துமூன்று வயது. பின்வளவில் கருவாட்டு வாடி நடத்துகிறார். வாடி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம்: எட்டுப் பரண், இரண்டு தொட்டி, உப்பு வைக்க ஒரு கொட்டில். ஊர் மாதர் சங்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேருடைய மீனும் அங்கேதான் காய்கிறது. அக்காவோடு வேலைக்கு நிற்பவள் றோசலின். அரிப்பு என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்தவள், புருசனை இழந்தவள். திங்கள் காலை பஸ்ஸில் வந்தால் சனி பின்னேரம்வரை அக்கா வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். பதினொரு வருடமாக இப்படி. சீலா மீனைக் கீறி உப்பு அடைப்பதில் அவளுடைய கைக்கு ஈடாக இன்னொரு கை இல்லை என்று அக்கா சொல்வார். அக்கா இலகுவில் ஒருவரையும் மெச்சுகிறவர் அல்ல.

போன வருடம் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் கழிந்த கையோடு சீலா குறையத் தொடங்கியது. ஒரு நாளைக்கு இரண்டு, ஒரு நாளைக்கு மூன்று. அதுவும் ஒழுங்கைப் பக்கப் பரணில், நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து. சங்கத் தலைவி பிலோமினா எங்களுக்கு மச்சாள் முறை. குரலும் கைவீச்சும் பெரிது, மனமும் சின்னதல்ல. ஆனால் அன்று அவர் வாடிக்குள் நின்று, றோசலினுக்குக் கேட்கத்தக்கதாகவே சொன்னாராம்:

"எங்கட சனத்துக்க ஆர் இதைச் செய்யிறது மச்சாள்? வெளியால இருந்து வந்து நிக்கிறவளைக் கேளுங்கோ. பாஸ்காவுக்கு முன்ன ஆரெண்டு தெரிய வேணும். இல்லாட்டி அவளை நிப்பாட்டுங்கோ."

பாஸ்கா என்றால் எங்களுக்கு உயிர்த்த ஞாயிறு. அன்றிரவே அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"மீன் போனாப் போகட்டும் பிள்ளை. பதினொரு வரிசம் என்ர வீட்டுக்க படுத்து எழும்பினவள். அவளுக்குக் கள்ளியெண்டு பேர் வந்தா இந்தக் கரையில ஒரு வாடியிலயும் அவளுக்கு வேலை கிடையாது. நீ எனக்கொரு கமரா அனுப்பு."

3

நான் மறுநாளே கடைக்கு ஓடியதற்கு ஒரு காரணம் இருந்தது.

இருபத்தேழு வருடத்துக்கு முன் இங்கே வந்த புதிதில், துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு ஹொட்டலில் அறைகளைத் துப்புரவாக்கும் வேலை கிடைத்தது. நாலாம் மாதம் ஒரு விருந்தினருடைய கைக்கடிகாரத்தைக் காணவில்லை. முகாமையாளர் என்னைக் கந்தோருக்குக் கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, மெதுவாகத்தான் கதைத்தார். எனக்குப் பாதிதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் பெரியவர் ஒருவர் கதைக்கும்போது இடைக்கிடை "ஓம், ஓம்" சொல்லாவிட்டால் மரியாதை இல்லை. காது கொடுத்துக் கேட்கிறேன் என்பதற்கு அது அடையாளம். நானும் அவர் சொல்லச் சொல்ல அவர்களுடைய மொழியில் "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது, அறைக்குள் போனது நீங்கள்தானா, எடுத்ததும் நீங்கள்தானா என்று. மரியாதைக்குத் தலையாட்டிக் களவை ஒப்புக்கொண்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுநாள் வரவேண்டாம் என்றார்கள். கடிகாரம் அந்த மனிதருடைய பெட்டியின் அடியிலேயே கிடந்ததாம். மூன்று கிழமை கழித்து, என்னோடு வேலை செய்த எரித்திரியப் பெண் பஸ்ஸில் கண்டு சொன்னாள். ஹொட்டலிலிருந்து ஒருவரும் என்னைக் கூப்பிட்டு ஒரு சொல் சொல்லவில்லை.

பிறகு முதியோர் இல்லத்துச் சமையலறை வேலைக்கு விண்ணப்பித்தபோது பொலிசிலிருந்து நன்னடத்தைப் பத்திரம் கேட்டார்கள். படிவத்தில் ஒரு பெட்டியைப் பிழையாக நிரப்பித் திரும்பி வந்தது. இரண்டாம் முறை பெயரில் ஒரு எழுத்துக் குறைந்து திரும்பி வந்தது. மூன்றாம் முறை வரும்வரை நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை. கடைசியில் வந்த பத்திரத்தில் என் மேல் ஒன்றும் இல்லை என்றிருந்தது. அந்தத் தாள் இன்றும் அலுமாரி லாச்சியில் கிடக்கிறது. இருந்தும் அந்த ஹொட்டல் இருக்கும் வீதியில் இத்தனை வருடமும் நான் எதிர்ப்பக்க நடைபாதையில்தான் நடந்தேன். ஏன் அம்மா வீதியைக் கடக்கிறாய் என்று மகள் சின்ன வயதில் கேட்டபோது, அந்தப் பக்கம் வழுக்கும் என்று சொல்லிவிட்டேன்.

4

மகள் அனுவுக்கு இருபத்துநாலு வயது. வயதானவர்கள் பாவிக்கும் இயந்திரங்களின் திரைகளை இலகுவாக்குவதுதான் அவளுடைய உத்தியோகம்: மருந்து எடுக்கும் பெட்டி, பஸ் ரிக்கற் இயந்திரம். வீட்டில் அவள் நோர்வே மொழியில் கதைப்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். இரண்டு பேரும் ஒரு அடி விட்டுக்கொடுப்பதில்லை. ஊரைப் பற்றிக் கேட்கும் பழக்கம் அவளுக்குப் பத்து வயதோடு நின்றுபோனது.

கமராவை அவள்தான் தெரிவு செய்தாள். வயர் இல்லை, பெட்டி இல்லை, எல்லாம் இணையத்துக்குள் போய்ச் சேரும், போனிலேயே பார்க்கலாம். ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டோம். அக்கா வேலியோரக் கம்பத்தில் அதைக் கட்டுவித்தார்.

அதற்குப் பிறகு என் போன் அடங்கவில்லை. கமராவுக்கு நாயைத் தெரியும், பூனையைத் தெரியும், கார் தெரியும். கழுதையைத் தெரியாது. மன்னாரில் கழுதை இல்லாத ஒழுங்கை உண்டா? ஒவ்வொரு கழுதைக்கும் எனக்கு, "உங்கள் வளவுக்குள் ஆள் நிற்கிறார்" என்று செய்தி வந்தது. முதியோர் இல்லத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது பதினெட்டு ஆட்கள் வந்தார்கள். பதினெட்டுப் பேருக்கும் நாலு கால்.

அதோடு மணிக்கூடு பேர்கன் நேரத்தில் ஓடியது. ஊரில் பொழுது பட்டுவிட்டது, படத்தில் பகல் ஒன்றரை மணி. டேற்றா முடிந்தால் பதிவு இல்லை, கரண்ட் போனால் பதிவு இல்லை, அக்காவின் போனில் எல்லாம் நோர்வே மொழி. அனு தமிழில் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள்.

"பெரியம்மா, அந்தப் பல்லுச் சக்கரம் மாதிரி இருக்கிறதை அமத்துங்கோ."

"எந்தச் சக்கரம் பிள்ளை? இதில கிடக்கிறது முழுக்கச் சக்கரம்தான்."

அரை மணித்தியாலம் போனது. அனு வியர்த்துப்போய்ப் போனைக் கீழே வைத்தாள். மீன் தன் பாட்டுக்குக் குறைந்துகொண்டிருந்தது.

5

இரண்டாவது கமராவை அக்கா மன்னார் ரவுணில் ஒருவரைப் பிடித்துப் பூட்டினார். வயர் இழுத்து, பதிவுப் பெட்டியொன்றை வைத்து, ரீவியோடு இணைத்துக் கொடுத்தார்கள். ரீவியைப் போட்டால் பின்வளவு தெரியும். இது நல்லது என்றே எல்லோரும் நினைத்தோம். பாஸ்காவுக்கு முந்திய பெரிய கிழமையும் வந்தது.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இனி நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. பெரிய வியாழன் பூசை முடிந்தால் கோவில் மணிகூட அடிப்பதில்லை, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். வீட்டில் றேடியோ இல்லை, ரீவி இல்லை. அக்கா வியாழன் இரவு கோவிலால் வந்து, ரீவியின் பிளக்கை இழுத்தார். பதிவுப் பெட்டியின் பிளக்கையும் சேர்த்து இழுத்தார். துணியால் இரண்டையும் மூடினார்.

சனி விடிய வளவுக்குள் போனால் சங்கத்துப் பெண்களுடைய சீலாப் பரண் முழுதாகச் சரிந்து கிடக்கிறது. பாதியை நாய்கள் இழுத்துவிட்டன, மீதி இல்லை. அக்கா ஓடிவந்து பிளக்கைப் போட்டு ரீவியைப் பார்த்தார். வியாழன் இரவு இருக்கிறது. அடுத்தது சனி காலை. நடுவில் ஒன்றும் இல்லை.

"ஏன் பெரியம்மா நிப்பாட்டினா?" என்று அனு கேட்டாள். நான் போனை அவளிடமே கொடுத்தேன். அக்கா சொன்னார்:

"ஆண்டவர் சிலுவையில கிடக்கக்க வீட்டில படம் ஓடுறதே பிள்ளை?"

ரீவியில் தெரிவது எதுவானாலும் அக்காவுக்கு அது படம்தான், தன் சொந்த வளவாக இருந்தாலும்.

பெரிய வெள்ளியன்று றோசலின் மூன்று மணிச் சடங்கின் நடுவில் எழும்பிப் போயிருந்தாள். தன் வீட்டை ஒருக்கால் பார்த்துவர, அரிப்புக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கத்தான் போனாள். ஆனால் எழும்பிப் போனதை ஊரே கண்டது, பஸ் ஏறியதை ஒருவரும் காணவில்லை. சனிக்கிழமை திரும்பி வந்தவளைப் பிலோமினா மச்சாள் மேலும் கீழும் பார்த்தார், அவ்வளவுதான். றோசலின் தன் உடுப்புகளைப் பையில் வைத்துக்கொண்டு அக்காவிடம் வந்தாளாம்.

"நீங்கள் என்னைப் போகச் சொல்ல மாட்டியள் எண்டு தெரியும் அக்கா. அதால நானே போறன். நான் எடுக்கேல்ல."

"எனக்குத் தெரியும் பிள்ளை."

"தெரிஞ்சு என்ன, காட்ட ஏலாதே."

பாஸ்காவுக்குப் பிறகு ஒரு சீலாவும் குறையவில்லை. "பாத்தியளே மச்சாள்" என்றார் பிலோமினா. ஊர் முடிவு கட்டிவிட்டது. அக்கா போனில் அழுதார். "நான்தான் பிள்ளை. என்ர கையாலதான் பிளக்கை இழுத்தனான்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். எனக்கு ஹொட்டல் கந்தோரின் கதிரையில் திரும்பவும் இருப்பது போல இருந்தது.

6

அக்கா அழுகையை நிறுத்தியது எப்போது என்று எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு கிழமை கழித்து எடுத்த போனில் அவருடைய குரல் மாறியிருந்தது.

"யோசிச்சுப் பாத்தனான். தவக்காலத்தோட துவங்கிச்சு, பாஸ்காவோட நிண்டுது. றோசலின் போனதும் பாஸ்காவுக்கு முதல் நாள். அவள் போனதால நிண்டுதோ, தவக்காலம் முடிஞ்சதால நிண்டுதோ? ரெண்டும் ஒண்டாத்தானே வந்தது. நான் இன்னொரு கமரா வாங்கப்போறன். இந்த முறை நீங்கள் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. நான்தான் பாத்து எடுப்பன்."

கள்ளி போன பிறகு எதற்குக் கமரா என்று ஊரில் சிரித்தார்கள். அக்கா காது கொடுக்கவில்லை. காய்ந்த சீலா ஒன்றைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு மன்னார் ரவுணுக்குப் பஸ் ஏறினார். அங்கே சிலாவத்துறையைச் சேர்ந்த இர்ஷாத் என்பவர் புதிதாகக் கமராக் கடை திறந்திருந்தார். நாலு விதமான பெட்டிகள் கடையில் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா சீலாவை மேசையில் வைத்தார்.

"தம்பி, நான் பக்கத்துக் கடையில தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன். அதுக்குள்ள நீங்கள் நினைச்ச நேரம் இந்த மீனை எடுத்து ஒளியுங்கோ. எப்ப எடுத்தனீங்கள் எண்டு சொல்லக் கூடாது. நானே வந்து கண்டுபிடிப்பன். ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கிறதுக்க கண்டுபிடிக்கக் கூடின பெட்டிதான் எனக்கு வேணும்."

பரலோக மந்திரம் இயேசு கற்பித்த செபம், சொல்லி முடிக்க அரை நிமிடம் போதும். இதற்குச் சிரிக்கிறவர்கள் எங்கள் கரைக்குப் புதியவர்கள். அக்கா முட்டை அவிப்பது விசுவாச மந்திரக் கணக்கில், தேயிலைச் சாயம் ஊறுவது மூன்று அருள்நிறை மந்திரக் கணக்கில். மணிக்கூடு அவருக்குப் பூசைக்குப் போகத்தான்.

இர்ஷாத் சிரிக்கவில்லை. "உங்கட மந்திரம் எவ்வளவு நேரமெண்டு எனக்குத் தெரியாதே அக்கா. நீங்க உங்கடதச் சொல்லுங்க, நான் அல்ஹம்து சூறா ஓதிப் பாக்கிறன்" என்றாராம்.

முதல் பெட்டி கடவுச்சொல் கேட்டது. இங்கிலீசு எழுத்தில் பெரியதும் சின்னதும் கலந்து அடிக்க வேண்டும். மந்திரம் முடிந்தபோது அக்கா மூன்றாம் எழுத்தில் நின்றார். இரண்டாவது, பதிவுகளை நீண்ட இலக்கங்களாக அடுக்கிக் காட்டியது. எந்த இலக்கத்துக்குள் எந்த நேரம் என்று கடைக்காரருக்கே பிடிபடவில்லை. மூன்றாவதில் எழுத்துகள் கடுகளவு. அக்கா கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், கழற்றினார், மந்திரம் முடிந்துவிட்டது.

நாலாவது, இருந்தவற்றில் மலிவானது. மவுஸை ஒருதரம் அமத்தினால் கலண்டர் வந்தது. பதிவு உள்ள நாட்கள் சிவப்பில் நின்றன, எங்கள் கோவில் கலண்டரில் திருநாட்கள் நிற்பது போல. அன்றைய நாளை அமத்தினால் கீழே ஒரு நீளக் கோடு. ஆள் அசைந்த இடத்தில் மட்டும் கோடு தடித்திருந்தது. அக்கா தடித்த இடத்தை அமத்தினார். இர்ஷாத் மீனைத் தூக்கி அலுமாரிக்குப் பின்னால் வைப்பது தெரிந்தது. அக்கா "ஆமென்" என்றார். அதே மூச்சில் இர்ஷாத்தும் "ஆமீன்" என்றார்.

பிறகுதான் அக்கா பெரிய வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. இர்ஷாத் கேட்டுவிட்டுச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது:

"எங்கட ஆக்களும் நோன்பு மாசம் ரீவிய மூடி வைப்பாங்க அக்கா. இது உங்கட பிழை இல்ல. பதியிற பெட்டிய ரீவியோட சேத்தவருடைய பிழை. நான் உங்களுக்குச் சின்னத் திரை ஒண்டு தனியாத் தாறன். அது படம் இல்ல, காவல்காரன். காவல்காரனுக்குப் பெரிய வெள்ளியுமில்ல, பெருநாளுமில்ல."

கரண்ட் போனால் ஆறு மணித்தியாலம் தாங்க ஒரு பற்றறியும், முப்பது நாள் அழியாத பதிவும், ஊர் நேரம் காட்டும் மணிக்கூடும் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தார். வேண்டிய துண்டை மட்டும் பென்டிரைவில் எடுப்பது எப்படி என்று அக்கா மூன்று தரம் செய்து காட்டிய பிறகுதான் இர்ஷாத் வீட்டை விட்டுப் போனாராம்.

இதை நான் சொல்ல, அனு சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஆறு வருசமா நான் படிச்சதைப் பெரியம்மா ஒரு மீனோட செய்திட்டா" என்றாள். பிறகு என்னைப் பரலோக மந்திரம் சொல்லச் சொல்லி, போனில் நேரம் பிடித்தாள். இடையில் ஓரிடத்தில் அவளும் சேர்ந்து சொன்னாள். அவளுக்கு அது இன்னும் நினைவிருந்தது எனக்குப் புதினம்.

7

கோவில் திருநாளுக்கு முந்திய ஒன்பது நாளும் பின்னேரம் நவநாள் வழிபாடு. ஊர் முழுக்கக் கோவிலில் நிற்கும். மூன்றாம் நாள் இரண்டு சீலா குறைந்தது. "வளவுக்க வரத் தெரிஞ்சவள்தானே, இருட்டுக்க வந்திருப்பாள்" என்றார் பிலோமினா மச்சாள், வாய் கூசாமல். அக்கா வீட்டுக்குள் போய்க் கலண்டரைத் திறந்து, சிவப்பு நாளை அமத்தி, தடித்த கோட்டை அமத்தினார். சொல்லத் தொடங்கிய பரலோக மந்திரம் பாதியில் நின்றுபோனது.

வேலி ஓட்டைக்குள்ளால் வந்தவர் செபமாலை அண்ணர். பிலோமினாவின் புருசன்.

தவக்காலம் தொடங்கியபோது, பாஸ்கா வரை கள்ளைத் தொடமாட்டேன் என்று கோவில் வாசலில் நின்று ஊரறியச் சொன்ன மனிதர் அவர். நவநாளுக்கும் அப்படியே சொன்னார். பிலோமினாவுக்கு அதில் எவ்வளவு பெருமை என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் கடித்துக்கொள்ளக் கருவாடு கேட்டால் பிடிபட்டுவிடுவார், முன்வீதியால் கள்ளுத் தவறணைக்குப் போனாலும் பிடிபட்டுவிடுவார். ஆகவே சனம் கோவிலில் நிற்கும் நேரமாகப் பார்த்துப் பின் ஒழுங்கையால் போனார். வழியில் எங்கள் பரண்.

படத்தில் அவர் ஒரு சீலாவை எடுத்து மணந்து பார்க்கிறார். சரியில்லை, திரும்ப வைக்கிறார். வேறொன்றை எடுக்கிறார். இரண்டைச் சேட்டுக்குள் செருகுகிறார். அப்போது ஆறு மணி. கோவில் மணி அடித்திருக்க வேண்டும், ஏனென்றால் அண்ணர் அப்படியே நின்றுவிட்டார். நெற்றியில் சிலுவை போட்டு, கைகூப்பி, கமராவுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, மூவேளைச் செபத்தை ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்த பிறகுதான் அசைந்தார். இதைவிடத் தெளிவான முகத்தை எந்தக் கமராவும் பிடித்திராது.

நான் அக்காவின் இடத்தில் இருந்திருந்தால் கோவில் ஒலிபெருக்கியில் சொல்லியிருப்பேன். அக்கா பிலோமினாவைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார். திரைக்கு முன்னால் கதிரையைப் போட்டு, மவுஸைக் கையில் கொடுத்தார்.

"நீங்களே பாருங்கோ மச்சாள். நான் ஒண்டும் சொல்லேல்ல. சிவப்பு நாளை அமத்துங்கோ."

பிலோமினா பார்த்தார். "திருப்பிப் போடுங்கோ" என்றார். மூன்று தரம் பார்த்தார். தேத்தண்ணி ஆறிப் போனது. பிறகு எழும்பிச் சேலையைச் சரிசெய்தார்.

"பெரிய வெள்ளியும் இந்த மனிசன்தான். அண்டைக்குக் காலில காயத்தோட வந்தது, பரண் சரிஞ்சு விழுந்த காயம். கல்லுக் குத்தினதெண்டு சொன்னது, நான் மருந்து கட்டினனான்." வாசல்வரை போய்த் திரும்பினார். "அரிப்புக்கு விடிய முதல் பஸ் எத்தினை மணிக்கு?"

8

மறுநாள் முதல் பஸ்ஸில் மூன்று பேரும் போனார்கள்: பிலோமினா, செபமாலை அண்ணர், அக்கா. றோசலின் கடற்கரையில் வேறொருவருடைய வலையில் மீன் தட்டிக்கொண்டு நின்றாள். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கத்தக்கதாக பிலோமினா சொன்னார். அவருடைய குரல் அன்று நல்லதுக்குப் பயன்பட்டது.

"றோசலின், நான் உனக்குக் கள்ளியெண்டு பேர் வைச்சனான். எடுத்தது என்ர மனிசன். நான் சொன்னது பிழை. ஊருக்கு முன்னால வைச்ச பேரை ஊருக்கு முன்னாலதான் எடுக்க வேணும். இஞ்ச சொல்லிப்போட்டன், திருநாளண்டு எங்கட கோவில் வாசலிலயும் சொல்லுவன். வா பிள்ளை."

றோசலின் கையைக் கழுவினாள். அழவில்லை. அக்காவைப் பார்த்துக் கேட்டாள்:

"கமரா கிடக்கே அக்கா?"

"கிடக்கு."

"அப்ப வாறன். ஆனா அதைப் பாக்க எனக்கும் பழக்க வேணும்."

திருநாளன்று பிலோமினா சொன்னபடியே கோவில் வாசலில் சொன்னார். றோசலினுடைய பையைப் பஸ் தரிப்பிலிருந்து வாடிவரை தூக்கி வந்தவர் செபமாலை அண்ணர். இப்போது அந்தப் பெட்டியை அக்காவைவிட வேகமாகப் பாவிப்பவள் றோசலின்தான். கொட்டில் பூட்டின் திறப்பும் அவளிடம்தான் இருக்கிறது.

அந்தத் திருநாள் இரவு அனுவுக்கு ஹொட்டல் கதையைச் சொன்னேன். முதல் தடவையாக, முழுவதுமாக. அவள் கோபப்பட்டாள், அழுதாள். "ஏன் அம்மா எனக்குச் சொல்லேல்ல? வழுக்கும் எண்டெல்லோ சொன்னனீங்கள்" என்றாள். அவ்வளவையும் தமிழில் சொன்னாள்.

இந்த வருடம், அக்காவின் பச்சை விளக்குப் படம் வந்து மூன்று நாள் கழித்து, பாஸ்காத் திங்கள். விடுமுறை. அனு என்னைத் துறைமுகப் பக்கம் கூட்டிப் போனாள். நான் வழக்கம்போல வீதியைக் கடக்கப் போக, கையைப் பிடித்து இந்தப் பக்கமே நடத்தினாள். ஹொட்டல் கதவு தானாகத் திறந்தது. வரவேற்பு மேசையில் ஒரு இளம் பெண். நான் இங்கே வேலை செய்தவள் என்றேன். பிறகு, இருபத்தேழு வருடத்துக்கு முன் வாயில் வராத வசனத்தை ஒரு பிழையும் இல்லாத நோர்வே மொழியில் சொன்னேன்: என்னைக் கள்ளியென்று சொல்லி அனுப்பினார்கள், அந்தக் கடிகாரத்தை நான் எடுக்கவில்லை. அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் கடைசிவரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இடைக்கிடை "ஓம், ஓம்" என்று தலையாட்டிக் கேட்டாள். அது எனக்குப் போதும்.

கோப்பி குடித்தோம். எழும்பும்போது கூரையில் கறுப்புக் கண்ணாடிக் குமிழொன்றைக் கண்டேன், பதிவு ஓடும் கமரா. அதற்கு நேர் கீழே போய் நின்று, தலையை நிமிர்த்தி அதைப் பார்த்தேன், ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடியும்வரை.